செல்காமை யாகோவ் பெரியா வளர்த்தார்?

மொட்டைமாடி:
பொறுக்க முடியாமல்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: இஸ்ரேலின் உள்நாட்டு உளவுத்துறையான ஷின் பெட்டின் தலைவராக இருந்த யாகோவ் பெரி, அந்த வேலையை விட்டு வந்து செல்காம் என்ற செல்போன் கம்பெனியைத் தனி ஆளாக உருவாக்கினாராம். ஐயா, செல்காம் சேவை தொடங்கியது 1994 டிசம்பரில். அப்போது மனிதர் இன்னும் ஷின் பெட் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தலைமைச் செயல் அதிகாரியாக வந்தது 1995-ல். ஓடுகிற பஸ்ஸில் ஏறியவருக்கு எதற்கு இத்தனை மாலை?

கரிசல்காரன்:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே, என்ன பயம்? 1988-லிருந்து, பாலஸ்தீனர்களின் எழுச்சியான முதல் இன்டிஃபாதா கொழுந்துவிட்டு எரிந்த காலத்தில், ஷின் பெட்டை நடத்தியவர் அவர். 2003 வரை செல்காமில் இருந்தார். அப்புறம் மிஸ்ராஹி வங்கியின் தலைவர். பெயருக்கு வைத்த ஆளையா எட்டு வருஷம் வைத்திருப்பார்கள்?

மொட்டைமாடி:
எட்டு வருஷத்தை யார் மறுத்தது? 1994 டிசம்பர். அதற்குப் பதில் சொல்லுங்கள். அதுவரை பெலிஃபோன் மட்டும்தான் சந்தையில். போன் பணக்காரர் பொருள். மலிவுக் கட்டணம் சொல்லி உரிமத்தை ஜெயித்தது செல்காம். பின்னால் பணம் போட்டது அமெரிக்காவின் பெல்சவுத்தும் சஃப்ரா குடும்பமும். இதில் பெரி எங்கே வருகிறார்?

நடுவில் ஒருவன்:
தொடங்கியவரைப் பற்றிப் பேசுகிறீர்களா, வளர்த்தவரைப் பற்றியா? முதலில் அதை முடிவு செய்துகொண்டால்...

மொட்டைமாடி:
1994 டிசம்பர், தம்பி. முடிவு செய்ய ஒன்றுமில்லை.

தாமிரபரணி:
நல்லா இருக்கு உங்கள் சண்டை! ஷின் பெட் விசாரணையில் 'மிதமான உடல் அழுத்தம்' கொடுக்கலாம் என்று இஸ்ரேல் அரசு அமைத்த லாண்டாவ் கமிஷன் சொன்னது 1987-ல். அடுத்த வருஷம் பெரி தலைவர். அந்த அறைகளில் பாலஸ்தீனர்கள் என்ன பட்டார்கள் என்று பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. சிம் கார்டு விற்ற கதைதான் பெரிசாகப் போய்விட்டது.

மொட்டைமாடி:
என்ன சிம் கார்டு? செல்காம் அப்போது ஓடியது டிடிஎம்ஏ என்ற பழைய தொழில்நுட்பத்தில். சிம்மே கிடையாது. சிம் போடுகிற ஜிஎஸ்எம் தொழில்நுட்பம் அங்கே வந்தது 2002-ல். தெரியாமல் எழுதாதீர்கள் அம்மா.

கரிசல்காரன்:
இவர் எப்போதும் இப்படித்தான். போன மாசம் சொட்டுநீர்ப் பாசன இழையிலும் இதே கூத்து. இன்னொரு முன்னாள் ஷின் பெட் தலைவர் அமி அயலோன் நெட்டாஃபிம் என்ற சொட்டுநீர்க் கம்பெனியின் தலைவராக இருந்தார் என்று எழுதினேன். "கம்பெனி 1965-லேயே ஹட்செரிம் கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) பிறந்தாச்சே" என்று குதித்தார். அயலோன்தான் பெற்றார் என்று நான் சொன்னேனா? மாடிக்குக் காலண்டர் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

மொட்டைமாடி:
காலண்டராவது படிக்கிறேன். உங்கள் நாயகர் அப்புறம் அரசியலுக்குப் போனார், அமைச்சரும் ஆனார். தன் ராணுவ சேவையைப் பற்றி அவர் சொல்லி வந்தது சரியில்லை என்று டிவி நிகழ்ச்சி ஒன்று கிளறவே, 2018-ல் எம்.பி. பதவியையே விட்டார். சொந்தக் கதையையே கூட்டிச் சொன்னவர்!

கரிசல்காரன்:
அதற்கும் செல்காமுக்கும் என்ன சம்பந்தம்?

மொட்டைமாடி:
1994 டிசம்பருக்கும் பெரிக்கும் உள்ள சம்பந்தம்தான்.

தாமிரபரணி:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

மொட்டைமாடி:
முதலில் அந்த சிம் கார்டைத் திருத்துங்கள். அப்புறம் பார்க்கலாம்.