பெருந்தலை எலிக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

எத்தியோப்பியாவின் பாலே மலைகளைப் பற்றிய சிறுவர் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சானெட்டி பீடபூமியில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் வளை தோண்டி வாழும் ஒரு கொறிவிலங்கு என்னை நிறுத்திவிட்டது. பாலே மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. எடை ஒரு கிலோவரை வரும். கண்கள் உச்சந்தலையை ஒட்டி இருக்கின்றன. எத்தியோப்பிய ஓநாய்க்கு முதன்மை இரை அதுவே. ஆங்கிலத்தில் ‘ஜயன்ட் மோல் ராட்’ என்கிறார்கள். ‘பெரிய அகழெலி’ எனலாமா?

மறுமொழி:
அகழெலி நல்ல வினைத்தொகை. ஆனால் பூச்சி தின்னும் ‘மோல்’ என்ற வேறொரு விலங்குக்கு அதைக் கொடுத்துவிட்டோம். அது கொறிவிலங்கே அன்று. ஆங்கிலத்தில் இதற்கு வேரை ஒட்டி ‘ரூட் ராட்’ என்றும் ஒரு பெயர் உண்டு. ‘வேரெலி’ போதும்.

மறுமொழி:
பேரினப் பெயரான டாக்கியோரிக்டிஸ் கிரேக்கச் சொல். விரைந்து தோண்டுவது என்று பொருள். ‘விரையகழி’ என்போம். எலி என்ற ஒட்டே தேவையில்லை.

மறுமொழி:
விரையகழி என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் கோட்டையைத் தேடுவார்கள். வேரெலியும் முழு உண்மை அன்று. இவ்விலங்கு வளை வாயிலில் பாதி உடலை மட்டும் வெளியே நீட்டி, எட்டிய புல்லையும் தழையையும் பறித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மண்ணால் வாயிலை அடைத்துவிடும். அது கிளறிய மண்ணில் பூச்சி பொறுக்க ஒரு சிறு பழுப்புக் குருவி அருகிலேயே நிற்கும். இவ்வளவு பார்த்த குழந்தைக்கு வேர் என்று சொல்லலாமா? ஜெர்மானிய இயற்கையியலாளர் ரூப்பெல் 1842-இல் இட்ட சிற்றினப் பெயரின் பொருளே ‘பெருந்தலை’. ‘பெருந்தலை எலி’ என்க.

மறுமொழி:
ஊரில் பெருந்தலை என்றால் செல்வாக்குள்ளவர் அல்லவா? விரையகழியை நான் கைவிடவில்லை.

மறுமொழி:
இன்னொன்று அம்மா, எலியின் இளமைப் பெயர் ‘குட்டி’ என்கிறது தொல்காப்பிய மரபியல். ‘பறழ்’ என்றாலும் குற்றமில்லை என்கிறது. பறழ் என்றே எழுதுங்கள், வழக்கொழிந்த சொல் மீளட்டும்.

அன்புள்ள அனைவருக்கும்,
நால்வர் ஒப்பியதால் ‘பெருந்தலை வளையெலி’ என்று அனுப்பிவிட்டேன். எல்லா எலியும் வளையில்தானே இருக்கிறது என்று உங்களில் ஒருவர் தனி மடலில் கேட்டது நியாயமே. விடை என்னிடம் இல்லை. குட்டியைக் குட்டி என்றே எழுதியிருக்கிறேன்.