புதுப்பிப்பு: கடைசிக் கால்பகுதி ஃபவுல் சிக்கல்

தனியார் ஆண்கள் பள்ளிகளுக்கு இடையே ஆண்டுதோறும் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில், எங்கள் பையன்கள் கடைசிக் கால்பகுதியில் மட்டும் ஏன் சறுக்குகிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். ஸ்கோர் ஷீட்டைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தோம். சிக்கல் ஃபவுலில்தான், அதாவது எதிரணி ஆட்டக்காரரை விதிமீறித் தடுப்பதில்.

ஒரு கால்பகுதியின் 10 நிமிடத்தில் அணிக்கு 4 ஃபவுல் ஆனபின், தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடையில் பந்தெறியும் வாய்ப்பு). எங்களுக்கு அந்த 4 ஃபவுலும் கடைசிக் கால்பகுதியின் பாதியிலேயே தீர்ந்துவிடும். கூடுதல் நேரம் வந்தாலும் அந்தக் கணக்குதான் தொடரும், அது தனிக் கொடுமை!

கோச் இப்போது பந்தைத் தட்டக் கை நீட்டாமல் காலை நகர்த்தித் தடுக்கப் பழக்குகிறார். சலிப்பான பயிற்சிதான், பையன்கள் முணுமுணுக்கிறார்கள். இந்த முறை அரையிறுதியில் தோற்றோம். ஆனால் ஃப்ரீ த்ரோவால் அல்ல, எங்கள் ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது, படு மோசம். சரி, அதற்கு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.