புதுப்பிப்பு: 27 வாரத்தில் பிறந்த தங்கை மகள்

பினாங்கில் 27 வாரத்திலேயே பிறந்த என் தங்கை மகளுக்கு நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகளைத் திறந்து வைக்கும் பொருள்) செலுத்தினார்கள், இனி எப்படி இருப்பாள் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டாள்! ஆக்சிஜன் இல்லாமலே மூச்சு விடுகிறாள்.

மருந்து மாட்டிலிருந்து எடுப்பதா என்று சிலர் கேட்டீர்கள். இந்த மருந்தில் வகைகள் உண்டு: பெராக்டன்ட் மாட்டு நுரையீரலிலிருந்தும் போராக்டன்ட் பன்றி நுரையீரலிலிருந்தும் எடுப்பவை. சுத்த சைவமான எங்கள் அம்மாவே, "பிள்ளை பிழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட். இவ்வளவு சீக்கிரம் பிறக்கும் குழந்தைக்கு அது போதுமான அளவு சுரந்திருக்காது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு இந்தக் குறைதான் காரணம் என்று 1959இல் ஆய்வாளர்கள் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் மருத்துவர் புஜிவாராவின் குழு சர்ஃபாக்டன்டையே மருந்தாகக் கொடுத்து வெற்றி கண்டது. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் பெரிய உதவி, தங்கைக்கும் போட்டார்கள்.

ஆனால் உயிர் பிழைத்ததோடு கவனிப்பு முடிவதில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய், விழித்திரைப் பாதிப்பு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் குறைமாதக் குழந்தைகளுக்கு வரலாம். அதனால் கண், காது பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், புகைமூட்ட நாட்களில் குழந்தையை வெளியே தூக்கிப் போகவே வேண்டாம்.