ஸ்னோடன் மலை ரயில் ஏன் அவ்வளவு தாமதமானது?

கேள்வி:
வடமேற்கு வேல்ஸின் கடற்கரைக்கு அருகிலுள்ள ஸ்னோடன் மலைக்கு, ரயில் வருவதற்கு முன்பே வழிகாட்டிகளுடனும் மட்டக்குதிரைகளிலும் பயணிகள் ஏறிவந்தனர். கார்னார்வனிலிருந்து அடிவாரத்து லான்பெரிஸுக்கு 1869இலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. அப்படியிருந்தும், 1,085 மீட்டர் உயர உச்சியை நோக்கிய ரயில் 1896 வரை தாமதமானது ஏன்?

மறுமொழி 1:
நிலவுடைமையே முதன்மைக் காரணம். அம்மலைச் சரிவின் நிலத்தைக் கொண்டிருந்த வேனால் பண்ணையின் உரிமையாளரான அஷெட்டன் ஸ்மித், மலையின் அழகு கெட்டுவிடும் என்று நெடுங்காலம் இசைவளிக்க மறுத்தார். ஆனால் 1881இல் மலையின் மேற்குப் புறத்திலுள்ள ரீத் தீ வரை குறுகிய இருப்புப்பாதை வந்து, பின்னர் அந்நிலையத்துக்கு 'ஸ்னோடன்' என்றே பெயரும் சூட்டப்பட்டதும், பயணிகள் அப்பக்கம் திரும்பத் தொடங்கினர். லான்பெரிஸின் வருவாய் சரிந்த பிறகே அவர் மனம் மாறினார். 1894 டிசம்பரில் வேலை தொடங்கியது. அவருடைய தொடக்க கால எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது என்பது என் கருத்து.

மறுமொழி 2:
1896 ஏப்ரல் 6 அன்று, திறப்பு நாளிலேயே, இறங்கிவந்த எஞ்சினின் பற்சக்கரம், செங்குத்துச் சரிவில் வழுக்காதபடி அது பற்றிக்கொள்ளும் பல் தண்டவாளத்திலிருந்து (இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்களுடன் அமைந்தது) விலகியதால் எஞ்சின் சரிவில் உருண்டது. பெட்டிகள் எஞ்சினோடு பிணைக்கப்படாததால் தம் பிரேக்குகளாலேயே நின்றன. எனினும், அச்சத்தில் வெளியே குதித்த பயணி ஒருவர் உயிரிழந்தார். பற்சக்கரம் மேலெழாதபடி பிடிப்புத் தண்டவாளங்கள் பொருத்தப்பட்ட பின், 1897இல்தான் சேவை மீண்டும் தொடங்கியது.

மறுமொழி 3:
ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அதே பல் தண்டவாள முறைதான், 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை திறக்கப்பட்ட நீலகிரி மலை ரயிலிலும் கையாளப்பட்டது.