பூனைக்கு சுகர் காலையில் 455, பகலில் 52: இன்சுலின் அளவைக் கூட்டலாமா?

கேள்வி (பாம்பன்)
8 வயது, காயடித்த கடுவன், 5.2 கிலோ. கால்நடை டாக்டர் கிளார்ஜின் இன்சுலின் (1 மி.லி.யில் 100 யூனிட்) காலை 7, இரவு 7 மணிக்கு 1 யூனிட் போடச் சொன்னார். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் காது நுனி ரத்தம் எடுத்துப் பார்த்தது:

திங்கள்: ஊசிக்கு முன் 412, 11 மணி 58, இரவு 7 மணி 346
செவ்வாய்: 455, 11 மணி 52 (பின்னங்கால் தள்ளாட்டம், தேன் தடவியதும் தெளிந்தது), இரவு 460
புதன்: 188, பகலில் 74, இரவு 398

சாப்பாடு அவித்த சாளையும் சோறும். இப்போது மீன்பிடி தடைக்காலம், மீன் கிடைக்காத நாளில் கடை பிஸ்கட். இரண்டு நாள் காலையில் 400க்கு மேல் நின்றதால் 2 யூனிட் ஆக்கலாமா?

பதில் (மண்டபம்)
கூட்டாதீர்கள். 52 வரை இறங்கிய பூனைக்கு அளவைக் கூட்டினால் அடுத்த முறை வலிப்பில் போய் நிற்கும்.

முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். மூடி சிவப்பா, ஆரஞ்சா? மேலே 40 என்று அச்சிட்டிருக்கிறதா, 100 என்றா? நம் மருந்துக்கடைகளில் இரண்டும் விற்கிறார்கள், ஏனென்றால் பழைய வகை இன்சுலின் குப்பிகள் பல 40 யூனிட் கணக்கில் வருகின்றன. 40 சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மி.லி. அதில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் ஒரு கோட்டுக்கு 2.5 யூனிட் உள்ளே போகும்.

கேட்டவர் (பாம்பன்)
சிவப்பு மூடி, 40 என்று இருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்தது இதுதான். அப்படியென்றால் 2.5 யூனிட்டா போயிருக்கிறது? அவ்வளவு மருந்துக்குப் பிறகும் 460 எப்படி வருகிறது?

பதில் (மண்டபம்)
ஆமாம், இரண்டரை மடங்கு. சர்க்கரை சட்டென்று தாழும்போது உடல் ஆபத்தென்று எடுத்துக்கொண்டு குளூக்கோகான், அட்ரினலின் முதலிய சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை எல்லாம் வெளியே தள்ளுகிறது. பகலில் 52, இரவில் 460 என்ற உங்கள் வரிசைக்கு அதுவே பொருந்துகிறது. அந்தத் தேனும் கொஞ்சம் ஏற்றியிருக்கும். இரவு எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு மருந்து போதவில்லை என்றே தோன்றும். அதை நம்பி அளவைக் கூட்டினால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

வாங்க வேண்டியது: 100 யூனிட் கணக்கு, 0.3 மி.லி. கொள்ளளவு, அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சு. 1 மி.லி. சிரிஞ்சில் 1 யூனிட்டைச் சரியாக இழுப்பது கடினம். மருந்தில் தண்ணீர் கலக்கவே கூடாது; கிளார்ஜின் மெல்லக் கரைவது அதன் அமிலத்தன்மையால்தான், கலந்தால் அந்தக் குணம் போய்விடும்.

கேட்டவர் (பாம்பன்)
அந்தச் சிரிஞ்சு ராமநாதபுரத்தில் நாளைதான் கிடைக்கும். இன்று இரவு சிவப்பிலேயே அரைக்கோடு போடட்டுமா?

பதில் (கீழக்கரை)
வேண்டாம் அக்கா. 1 யூனிட் என்பது அந்தச் சிரிஞ்சில் 0.4 கோடு, கண்ணால் பிடிக்க முடியாது. டாக்டருக்கு இப்போதே போன் செய்து, சிரிஞ்சு மாறியதையும் மூன்று நாள் எண்களையும் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டு, வாந்தி இல்லாமல் இருக்கும் பூனைக்கு ஒரு வேளை ஊசி தவறுவது, அதிகம் போடுவதைவிட ஆபத்து குறைவு. சாப்பாட்டை மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சில் பழம் அழுகிய வாடை வந்தாலோ கதை வேறு: அது கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறிய அறிகுறி, இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும்.

அடுத்து சாப்பாடு. சோறும் பிஸ்கட்டும் மாவுச்சத்து, மீனில் அது இல்லை. ஒரு நாள் வெறும் மீன், மறுநாள் பிஸ்கட் என்றால் அதே 1 யூனிட் ஒரு நாள் அதிகமாகும், ஒரு நாள் போதாது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் கரைக்கு வருகிறது. அதுவும் இல்லாத நாளுக்கு அவித்த கோழியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சோற்றை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், டாக்டரிடம் கேட்டு இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். சாளையைப் பச்சையாகப் போட வேண்டாம், வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி அதில் உண்டு. வெறும் மீன் முழு உணவும் ஆகாது. மாவுச்சத்து குறைந்த, பூனைக்கென்றே செய்த டின் உணவு கிடைத்தால் அதுவே நல்லது.

தாழ்ந்துபோனால் ஈறில் தேய்க்கத் தேன் அல்லது குளுக்கோஸ் பொடிக் கரைசல். வீட்டில் கருப்பட்டிதான் கைக்கு எட்டும், ஆனால் அதிலிருப்பது சுக்ரோஸ். ஈறு வழியாக உடனே ஏறாது. தேய்த்தபின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், விழுங்க முடிந்ததும் சாப்பாடு வையுங்கள். கிளார்ஜின் நீண்ட நேரம் வேலை செய்வதால் தெளிந்த பூனை மறுபடி தாழலாம். வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

பதில் (தொண்டி)
மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். மனித ரத்தத்தில் சர்க்கரை சிவப்பணுக்களிலும் கணிசமாக உண்டு, பூனைக்குப் பெரும்பகுதி ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில். அதனால் மனித மீட்டர் பெரும்பாலும் குறைத்தே காட்டும். ஒரே மீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்ற இறக்கம் புரியும். 60க்குக் கீழே காட்டினால் மட்டும் மீட்டரைச் சந்தேகிக்காமல் உடனே கவனியுங்கள்.

நம் கடற்கரைக் காற்றில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும். ஒன்றை எடுத்ததும் டப்பாவை அழுத்தி மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது உள்ளே வியர்க்கும், அங்கே வேண்டாம். இன்சுலின் நேர்மாறு: ஃபிரிட்ஜின் நடுத்தட்டு, 2 முதல் 8 டிகிரி. உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருங்கள். நீண்ட நேரம் வராவிட்டால் துணி சுற்றிய குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில், ஐஸ் மேலே படாமல் வைக்கலாம். மண்பானை இங்கே அவ்வளவு குளிராது, காற்றில் ஈரம் அதிகம்.

காதை வெதுவெதுப்பான துணியால் ஒரு நிமிடம் ஒற்றி, விளிம்பில் மெல்லிய வாசலின் பூசிக் குத்தினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் துளியாக நிற்கும்.

பதில் (மண்டபம்)
புது சிரிஞ்சு வந்ததும் டாக்டர் சொல்லும் அளவில் ஒரு வாரம் நில்லுங்கள். கிளார்ஜின் உடலில் நிலைகொள்ள அந்த அவகாசம் வேண்டும், தினமும் மாற்றினால் எதுவும் தெரியாது. நடுவில் தாழ்ந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள். வாரக் கடைசியில் ஒரு நாள், ஊசிக்கு முன் தொடங்கி அடுத்த ஊசி வரை 2 மணிக்கு ஒருமுறை எடுத்து எழுதுங்கள். மிகத் தாழ்ந்த எண் 80க்கும் 150க்கும் நடுவே இருந்தால் நல்லது. ஊசிக்கு முன்பே 150க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.