வயிறு மட்டும் வீங்கி உடம்பு இளைத்தால்: எஃப்ஐபி பார்த்தவர்கள் எழுதுங்கள்

எங்கள் பூனை பிழைத்துவிட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எஃப்ஐபி (பூனைக் கொரோனா வைரஸ் மாறி வரும் கொடிய பூனை நோய்) என்று தேடி வருகிறவர்கள் எந்த நிலையில் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை அவனுக்கு. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை. முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு இளைத்துவிட்டான், ஆனால் வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. டாக்டர் ஊசி வைத்து எடுத்த நீரை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வைக்கோல் மஞ்சளில், பிசுபிசுவென்று நூலாக இழுபட்டது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி அசிட்டிக் அமிலம் கலந்து, அதில் இந்த நீரைச் சொட்டாக விட்டார். சொட்டு கரையவே இல்லை, உருக்குலையாமல் மெல்லக் கீழே இறங்கியது. ரிவால்டா பரிசோதனை என்று பெயராம். கரைந்துபோனால் எஃப்ஐபி இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம், கரையாவிட்டால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, மற்ற நோய்களிலும் அப்படி வரும் என்றார். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இறங்கி குளோபுலின் என்ற புரதம் ஏறியிருந்ததையும் சேர்த்துத்தான் பெயரைச் சொன்னார்.

எனக்கு விளங்காமல் இருந்தது ஒன்றுதான்: வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு இது எங்கிருந்து வந்தது? பதில் இதுதான், பொறுமையாகப் படியுங்கள். பூனைக் கொரோனா வைரஸ் பூனைகள் கூட்டமாக வாழும் இடங்களில் சர்வசாதாரணம். மலம் வழியாகப் பரவி, குடலில் தங்கி, மிஞ்சிப்போனால் கொஞ்சம் பேதி, அவ்வளவுதான். இது மனிதர்களுக்கு வந்த கோவிட் இல்லை, நமக்கு ஒட்டாது. ஆனால் தொற்று வந்த பூனைகளில் சிலவற்றில், பொதுவாக 5 முதல் 10 சதவீதம் என்பார்கள், வைரஸ் பெருகும்போது மரபணுவில் பிழை விழுகிறது. வைரஸின் மேல் முள்போல் நீட்டி நிற்கும் முள் புரதத்தில் விழும் மாற்றங்கள் இதில் முக்கியமானவை. அதுவரை குடல் செல்லில் மட்டும் செழித்த வைரஸ், கிருமிகளை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே பெருகக் கற்றுக்கொள்கிறது; அந்தச் செல்லே அதை உடம்பு முழுக்கச் சுமந்து போகிறது. ரத்தக் குழாய்ச் சுவர் அழன்று, நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. அதாவது கொடிய நோய் உருவானது எங்கள் பூனையின் உடம்புக்குள்தான். மாறிய வைரஸ் பொதுவாக மலத்தில் வெளியேறிப் பரவுவதில்லை, அதனால் வீட்டிலுள்ள இன்னொரு பூனையைப் பிரித்து வைக்கவில்லை.

* * *

எங்கள் பூனைக்கு வந்தது உலர் வகை எஃப்ஐபி, அதாவது நீர் கோக்காத வகை. வயிறு வீங்கவே இல்லை. கண்ணின் நிறம் ஒரு பக்கம் மாறியது, அப்புறம் பின்னங்கால் தள்ளாடியது. ஒன்று தயவுசெய்து கவனியுங்கள்: ஆன்டிபாடி பரிசோதனையில் கொரோனா பாசிட்டிவ் வந்தால் எஃப்ஐபி என்று அர்த்தம் இல்லை, எப்போதோ அந்தச் சாதாரண வைரஸைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவே. ஓடியாடித் திரியும் பூனையை இந்த ஒரு தாளை வைத்துக் கருணைக்கொலை செய்யக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறுகிறது.

* * *

நான் எஃப்ஐபிக்குப் பூனையைப் பறிகொடுத்தவள். 2019க்கு முன்னால் இந்தப் பெயரைச் சொன்னாலே முடிந்தது என்றுதான் பொருள், எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஆண்டுதான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சனின் குழு ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டது. 26 பூனைகள் குறைந்தது 12 வார சிகிச்சையை முடித்தன. கோவிட்டுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்து உடம்புக்குள் போய் மாறுவதும் இந்த மூலக்கூறாகத்தான். எங்களுக்குக் கிடைக்காதது இன்று கிடைக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்: நம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போங்கள், அன்றைக்கே போங்கள், நீர் கோத்த வகை காத்திருக்காது.

இன்னொன்று. பூனைக்குப் பூனை பரவாது என்பதற்கு சைப்ரஸ் விதிவிலக்கு. 2023இல் அங்கே பரவியது நாய்க் கொரோனா வைரஸின் மரபணுத் துண்டைச் சேர்த்துக்கொண்ட வேறொரு வகை, எஃப்சிஓவி-23. அது நேரடியாகவே தொற்றியது.

* * *

மேலே முதலில் எழுதியவன்தான். இந்த ஜிஎஸ் மருந்தை ஊசியாகக் கொடுப்பதா மாத்திரையாகக் கொடுப்பதா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். நாங்கள் ஊசியில் ஆரம்பித்தோம், மருந்து அமிலத்தன்மை உள்ளது, போடும்போது நன்றாக எரியும், கத்துவான். சாப்பிட ஆரம்பித்ததும் டாக்டர் மாத்திரைக்கு மாற்றினார். வாரா வாரம் எடை பாருங்கள். பிழைக்கிற குட்டி மளமளவென்று எடை ஏறும், பழைய அளவே கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்து போதாமல் போகும். வழக்கமான கணக்கு 84 நாள். நீர் கோத்த வகைக்கு 42 நாளே போதும் என்று 2024இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது, ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். பூனை துள்ளிக் குதிக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.