நீர்யானைக்கு ஒரே திசைதான்

ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவன் நான். சாயங்காலம் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே காட்டெருமை நின்றால் என்ன செய்வது என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும்: சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்கி, அது தானாக விலகும்வரை காத்திருப்போம். அந்தத் தைரியத்தோடுதான் சென்ற ஆகஸ்டில் நானும் என் மனைவியும் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்குப் போனோம்.

போக நினைப்பவர்கள் முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். ஊசி போட்டு 10 நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும்; அது இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த அனுப்பிவிடலாம். இன்னொன்று, 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. அதனால் என் மனைவி தட்டுவடையையும் பருப்புப் பொடியையும் எவர்சில்வர் டப்பாக்களுக்கு மாற்றினார். பெட்டியின் எடை கூடியதே தவிர, தட்டுவடை ஒன்றுகூட நொறுங்கவில்லை.

நாங்கள் தங்கியது மாரா ஆற்றங்கரையில், வேலியே இல்லாத ஒரு கூடார விடுதி. இருட்டிய பிறகு தனியாக வெளியே வரக்கூடாது; வாசலில் நின்று டார்ச் அடித்தால் ‘அஸ்காரி’ எனப்படும் காவலர் வந்து அழைத்துப் போவார். தின்பண்டம் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது என்பதால் எங்கள் டப்பாக்கள் முதல் நாளே சமையலறைக்குப் போய்விட்டன.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் அஸ்காரி சட்டென்று கையை உயர்த்தினார். இருபதடி தூரத்தில் ஒரு நீர்யானை புல்லைக் கறகறவென்று மேய்ந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் நான் மனைவியின் கையைப் பிடித்து, வந்த பாதையிலேயே பின்வாங்கத் தொடங்கினேன். மசாய் இனத்தவரான அந்த மனிதர் ஒரு வார்த்தையும் பேசாமல் என் சட்டையைப் பிடித்து எதிர்ப்பக்கம், ஆற்றைவிட்டு விலகி இருந்த மேட்டுக்கு இழுத்துவிட்டார். பிறகுதான் காரணம் சொன்னார். பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நீர்யானை இரவில் கரையேறி 40 கிலோ அளவுக்குப் புல் மேயும். மிரண்டால் நேராக ஆற்றை நோக்கித்தான் ஓடும். நடுவில் நிற்பது யார் என்று பார்க்காது. எங்கள் பாதை ஆற்றை ஒட்டிப் போயிருந்தது. மிரளும் காட்டெருமைக்குச் சேர்வராயன் மலை முழுவதும் ஓட இடமிருக்கிறது; இதற்கு ஒரே திசைதான். ஊரில் என்னைக் காப்பாற்றிய பழக்கம் அங்கே என்னைச் சரியாக அதன் ஓட்டப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

சிங்கம் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று நாளும் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் சூழ. வில்டபீஸ்ட் எனப்படும் பெரிய மான்வகைக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க நான்கு மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் வரை வந்த கூட்டம் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

*

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன், அண்ணா. உங்கள் பழக்க தோஷத்தைப் படித்தபோது என் கணவரின் நினைவுதான் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகளோடு ஒரு ஏப்ரல் மாதம் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கே தங்குமிடங்களைச் சுற்றி வேலி உண்டு. வெளியே நம் காரை நாமே ஓட்டலாம், நம் ஊர்போல இடப்பக்கமாகவே. தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கும் இறங்கக்கூடாது, மாலை 6 மணிக்குக் கதவை அடைப்பதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும்.

ஐந்தரை மணிக்கு நடுச்சாலையில் ஓர் ஆண் யானை நின்றது. நேரமாகிறதே என்ற பதற்றத்தில், எங்கள் ஊர் ஐந்து ரோடு சந்திப்பில் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவரைப் போல, என் கணவரின் கை ஹாரனுக்குப் போனது. மகள் தட்டிவிட்டாள். கன்னத்தில் நீர் வழிவதைக் காட்டி, மதம் பிடித்திருக்கிறது என்றாள். மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, அது புதருக்குள் இறங்கும்வரை இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தோம். கதவருகே வந்து சேர்ந்தபோது மணி 5.58.

டப்பா விஷயத்தில் மட்டும் அண்ணியின் புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று. மறுநாள் காலையில் அறை வாசலில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை, ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நாம் பார்ப்பதுபோலவே, வெர்வெட் குரங்கொன்று தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது.